கூட ஒரு ஆள்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகம். உன் சுகத்தைக் கேட்டால் உண்மையான பதில் வராது என்று தெரியும். கடிதம் என்றால் கேட்க வேண்டுமே, கேட்டுவிட்டேன்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பார்க்காதே. போனில் நான் வாயைத் திறந்ததும் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கிழித்துப் போடலாம். ஆனால் அண்ணி படித்த பிறகுதான் அது உன் கைக்கே வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்க இரண்டு கையையும் முட்டியில் ஊன்றினாய். செருப்பு மாட்டச் சுவரைப் பிடித்துக்கொண்டாய். கேட்டதற்கு, பஸ்ஸில் ரொம்ப நேரம் உட்கார்ந்து வந்ததால் என்றாய். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எனக்கே பஸ் கதை சொல்கிறாயா?

எங்கள் ஆஸ்பத்திரியில் துணி அறைக்காரர்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். போன வருடம் என் தோள்பட்டை போனது. அதற்கு முன்னால் சலவை மெஷின்காரருக்கு இடுப்பு, சமையலறை அம்மாவுக்கு மணிக்கட்டு. இப்போதுதான் மேலே இருப்பவர்களுக்கு உறைத்திருக்கிறது. அழுக்குத் துணிப் பைகளில் பாதி உயரத்துக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் அடைத்திருந்தால் நாங்கள் தூக்க வேண்டியதில்லை. முதலில் நர்ஸுகள் கோடு இருப்பதே தெரியாத மாதிரி அடைத்து அனுப்பினார்கள். நாங்கள் தொடவில்லை. பைகள் வாசலிலேயே குவிந்து கிடந்தன. மறுநாளிலிருந்து கோடு எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துவிட்டது.

சுவரில் ஒரு படமும் ஒட்டியிருக்கிறார்கள். ஒருவன் முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தி, சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியைத் தூக்குகிறான். பெட்டிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். நீ வார்டில் தினமும் தூக்குகிற நோயாளிக்கு ஏது கைப்பிடி? அவர் வழுக்குவார், பயந்துபோய் உன் கழுத்தைப் பிடித்துத் தொங்குவார். அந்த வேலையைக் கூட ஒரு ஆள் இல்லாமல் செய்யவே கூடாது என்று பயிற்சி கொடுத்தவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். உங்கள் வார்டிலோ, தூக்குவதற்கு எவன் ஆள் கூப்பிடுகிறானோ அவன் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும் என்று ஒரு சட்டம். இதை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, அவன் முதுகு இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்து எழுது.

டாக்டரிடம் காட்டினாயா, இல்லையா? ஒரு வரி போதும். அண்ணிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உன் தங்கை


ஜனவரி 30

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணி இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கொடுத்தாள். இங்கே அனைவரும் நலம். எனக்கு என்ன குறை, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் தோள்பட்டை எப்படி இருக்கிறது? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உனக்கு ஒரு செய்தி. எங்கள் வார்டுக்கும் மெஷின் வந்துவிட்டது, ஆள் தூக்குகிற மெஷின். சக்கரம் வைத்த ஒரு தூண், அதிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும், அந்தக் கையில் கெட்டித் துணியில் ஒரு தொட்டில். நோயாளிக்கு அடியில் தொட்டிலை விரித்து, கொக்கியை மாட்டி, ரிமோட்டை அழுத்தினால் மெதுவாகத் தூக்கும். மெதுவாக என்றால், அதற்குள் நோயாளி குணமாகி எழுந்து நடந்தே போய்விடுவார்.

என்னோடு அதே ஷிப்டில் இருக்கிற ஒல்லிக்கு அதைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். பாவம், அடிக்கடி ஆள் கூப்பிட்டு டீ வாங்குகிறவன் அவன்தான். எனக்கு அந்தச் செலவே கிடையாது. வார்டில் என்னைக் கிரேன் என்று சும்மாவா கூப்பிடுகிறார்கள்?

மெஷின் வந்த அன்றைக்கு நிர்வாக அதிகாரியும் வந்திருந்தார், வார்டே கூடிவிட்டது. கிரேனா மெஷினா பார்த்துவிடலாம் என்று யாரோ ஆரம்பித்தார்கள். கணக்குப் பிரிவில் ஒரு குண்டு குமாஸ்தா உண்டு, அவரே முன்வந்து கட்டிலில் படுத்தார். முதலில் மெஷின். நர்ஸம்மா புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துக் கொக்கி மாட்டினார். ஒன்று இடம் மாறிப்போய்க் கழற்றி மறுபடி மாட்டினார். குமாஸ்தா அந்தரத்தில் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு ஒருவழியாக நாற்காலிக்கு வந்து சேர்ந்தார். அவரை மறுபடி படுக்க வைத்தார்கள். நான் போய்க் கக்கத்தில் கை கொடுத்தேன். ஒரே மூச்சு, ஆள் நாற்காலியில் இருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அதிகாரி என் முதுகில் தட்டி, "நீங்க இருக்கறப்ப இது எதுக்கு?" என்றார். நானும் சிரித்தேன்.

ஜூனில் எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் வருகிறது. இதையெல்லாம் அவர்கள் மறக்க மாட்டார்கள் பார்.

உன் அன்பு அண்ணன்


பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். என் தோள் பரவாயில்லை. உன் கடிதத்தைப் படித்ததில் ரத்தக் கொதிப்புதான் ஏறியிருக்கிறது.

ஜெயித்துவிட்டாய், சந்தோஷம். மறுநாள் காலையில் மெஷினுக்கு உடம்பு வலித்ததா? உனக்கு வலித்ததா? அதைத்தான் நீ எழுதவில்லை. டாக்டரிடம் காட்டினாயா என்று ஒரு வரி கேட்டேன். நீ பக்கம் பக்கமாக எழுதியதில் முதுகு என்ற வார்த்தை அதிகாரி தட்டிய இடத்தில் மட்டும்தான் வருகிறது.

ஒரு தடவை தூக்குவதற்குப் போட்டி வைத்தால் நீ ஜெயிப்பாய். ஷிப்டு முழுக்கத் தூக்க வைத்துப் பார்த்திருக்க வேண்டும். தினமும் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பழகாத கையில் எந்த மெஷினும் மெதுவாகத்தான் போகும். உனக்கு முதன்முதலில் சைக்கிள் வாங்கிக் கொடுத்தபோது நீ அதைத் தள்ளிக்கொண்டுதானே பள்ளிக்கூடம் போனாய், நடந்து போனவர்கள் எல்லாம் உன்னைத் தாண்டிப் போகவில்லையா?

நீங்க இருக்கறப்ப இது எதுக்கு என்று அவர் சொன்னதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாய். எனக்கு அது பாராட்டாகப் படவில்லை. அந்த மெஷின் உனக்காக மட்டும் வரவில்லை. வாயெல்லாம் பல்லாக நின்றானே ஒல்லி, அவனுக்கும் சேர்த்துத்தான் வந்தது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

எத்தனை எழுதினாலும் உன் மண்டையில் ஏறப்போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், எனக்கும் வேறு வழி இல்லை. குழந்தைகள் மாமாவைக் கேட்டார்கள்.

இப்படிக்கு,
உன் தங்கை


மார்ச் 22

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே என்று எழுதலாம், அதற்கும் கோபித்துக்கொள்வாய். இங்கே எல்லோரும் நலம். அண்ணிக்குத் தையல் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. சின்னவனுக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை.

மெஷினைச் சாமான் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். யாரும் தொடாமல் நடையில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. நர்ஸம்மா அதில் காலை இடித்துக்கொண்ட அன்றைக்கு அதற்கு விடுதலை கிடைத்துவிட்டது. மேலே ஒரு துணியைப் போர்த்தி, முன்னால் பழைய மெத்தைகளை அடுக்கியிருக்கிறார்கள்.

அப்புறம் ஒரு சின்ன மாற்றம். ஒல்லியை வெளிநோயாளிப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஆள் பற்றவில்லையாம். எங்கள் வார்டுக்கு ஷிப்டுக்கு ஒரு ஆள் போதும், அதுதான் கிரேன் இருக்கிறாரே என்று அதிகாரி சொன்னாராம். எனக்கு ஓய்வு நாள் வரும்போது மட்டும் ஒல்லி வந்து வார்டைப் பார்த்துக்கொள்வான். ஒன்றும் சிரமமில்லை, சமாளிக்கிறேன். இனிமேல் உனக்கு டீச் செலவு மிச்சம் என்று அவனிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

வெயில் ஆரம்பித்துவிட்டது. உட்கார்ந்தால் புழுங்குகிறது என்று ஃபிரிட்ஜ் மேல் தாளை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அன்பு அண்ணன்


மார்ச் 31

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை. சின்னவனுக்கு வெந்நீர் கொடுக்கச் சொல்.

நின்றுகொண்டே எழுதினாயா? புழுக்கமா? எனக்குத் தெரிந்தவரை புழுங்கினால் மனிதர்கள் மின்விசிறிக்குக் கீழே உட்காருவார்கள். ஃபிரிட்ஜ் பக்கத்தில் போய் நிற்கிற ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அதன் பின்பக்கம் அடிக்கிற அனல் உனக்குக் குளுகுளுவென்று இருந்ததா? உன்னால் உட்கார முடியவில்லை. அதை அப்படியே எழுதித் தொலைத்தால் என்ன?

ஒல்லியை மாற்றியதைச் சின்ன மாற்றம் என்கிறாய். முன்பு இரண்டு பேர் பார்த்த வேலை இப்போது உன் தலையில். டீ வாங்கிக் கொடுத்தாலும் கூப்பிட வார்டில் ஒரு ஆள்கூட இல்லை. நீ மெஷினை மட்டும் ஜெயிக்கவில்லை அண்ணா, பக்கத்தில் நின்ற ஆளையும் சேர்த்து வெளியே அனுப்பிவிட்டாய். இதில் சமாளிக்கிறாயாம்.

எங்கள் இடத்தில் பைகளைத் தொடாமல் விட்டோம், கோடு தெரிந்துவிட்டது. உங்கள் வார்டில் நோயாளியை அப்படி வாசலில் போட்டுவிட முடியாது, ஒத்துக்கொள்கிறேன். அவர் கட்டிலில் நனைந்து கிடந்தால் உனக்குப் பொறுக்காது, போய்த் தூக்கிவிடுவாய். இது அவர்களுக்குத் தெரியும். உன் நல்ல மனசை வைத்துத்தான் ஒரு ஆள் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். உனக்கு இது விளங்கவே விளங்காதா?

இதற்கு நீ பதில் எழுத மாட்டாய். ஒரு மாதம் கழித்து வெயிலைப் பற்றி எழுதுவாய்.

இப்படிக்கு,
உன் தங்கை


ஏப்ரல் 17

அன்புள்ள நாத்தனாருக்கு,

எல்லோரும் சௌக்கியமா? குழந்தைகளுக்குப் பரீட்சை முடிந்திருக்கும். நீ உன் அண்ணனுக்கு எழுதியதற்கு நான் பதில் எழுதுகிறேன். அவர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், இன்னும் வெளியே எடுக்கவில்லை.

நீ கேட்டது நிஜம். அவரால் உட்கார முடியவில்லை. சட்டைக்கு அடியில் அகலமாக ஒரு பெல்ட் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார். அதை நான்தான் தைத்தேன். கடையில் வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்களாம். வலது கால் விரல் வரைக்கும் மரத்துப்போகிறது. காலையில் செருப்பை நான் மாட்டிவிடுகிறேன். பஸ் படி ஏற முடியாமல் நடந்தே போகிறார், கேட்டால் உடற்பயிற்சி என்கிறார்.

வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியில். எலும்பு டாக்டர் அறையைத் தாண்டித்தான் தினமும் வார்டுக்குப் போகிறார். ஒரு எட்டு உள்ளே போங்களேன் என்றால், டாக்டர் எழுதிவிட்டால் ஜூனில் கையெழுத்து விழாது என்கிறார். தூக்க முடியாத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்கிறார். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. என் தையலை நம்பி வீடு ஓடாது. ஆனால் பயமாக இருக்கிறது என்று வாயைத் திறந்து சொன்னால் நானும் கூட உட்கார்ந்து பயப்படுவேன். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மனிதரை என்னதான் செய்வது? உங்கள் வீட்டுக்கே இது பரம்பரை வியாதியா? நீயும் போன வருடம் தோள் இறங்கிப்போகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை, இப்போது அவருக்குக் கடிதம் கடிதமாக எழுதுகிறாய். அண்ணனையும் தங்கையையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டினால்தான் சரிப்படும்.

நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். எழுத மாட்டேன் என்று நான் சத்தியம் செய்யவில்லை.

இப்படிக்கு,
அண்ணி


ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறாயா? இங்கே எல்லோரும் நலம். குழந்தைகளுக்கு லீவு விட்டாயிற்று.

சும்மாதான் எழுதுகிறேன். எங்கள் துணி வண்டியில் ஒரு சக்கரம் சிக்கிக்கொண்டு வலது பக்கமாகவே இழுக்கிறது. மாற்றச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. பயிற்சி எல்லாம் கொடுப்பார்கள், சக்கரம் மட்டும் மாற்ற மாட்டார்கள். அது வலது பக்கம் இழுக்க, நான் இடது பக்கம் தள்ள, வீட்டுக்கு வந்த பிறகும் சாய்ந்தே நடக்கிறேன் என்று உன் மாப்பிள்ளை கேலி செய்கிறார்.

நேரம் கிடைத்தால் கொஞ்சம் படு. வேறு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் தங்கை


மே 17

அன்புத் தங்கச்சிக்கு,

நீ திட்டாமல் எழுதிய கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது. அண்ணியைப் பார்த்தேன். தைக்கிற துணியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. புரிந்துவிட்டது. சரி, தெரிந்ததை மறுபடி எழுதுவானேன். மற்றவர்கள் நலம்.

ஒல்லி விழுந்துவிட்டான். எனக்கு ஓய்வு நாள், அவன்தான் வார்டில் இருந்தான். ஒரு நோயாளி கட்டில் ஓரத்துக்கு வந்துவிட்டார், இவன் ஒற்றை ஆளாக அவரை மேலே இழுத்திருக்கிறான். முதுகில் ஏதோ அறுந்த மாதிரி இருந்ததாம், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முதுகெலும்பில் வட்டு விலகியிருக்கிறது என்கிறார்கள். இப்போது எங்கள் வார்டிலேயே நோயாளியாகப் படுத்திருக்கிறான். பக்கத்து வார்டில் ஆள் இருந்தது, ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடிவந்திருப்பார்கள். ஏண்டா கூப்பிடவில்லை என்று கேட்டேன்.

"நீங்க கூப்பிட மாட்டீங்கல்லண்ணே" என்றான்.

அன்றைக்கு அவன் மனைவி வந்தாள். சண்டை போடுவாள் என்று பயந்தேன், போட்டிருந்தால் தேவலை. மெஷின் வந்திருக்கிறது, இனிமேல் உடம்பு நோகாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். அது எங்கே அண்ணே என்று என்னிடம் கேட்டாள். சாமான் அறை அவளுக்கு நேர் பின்னால்தான் இருந்தது. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் அதிகாரியிடம் போய் மெஷினைத் திரும்பக் கொடுங்கள் என்றேன். அது தேவையில்லை என்று காட்டியதே நீங்கள்தானே என்றார். ஒல்லிக்குத் தூக்கத் தெரியவில்லை, அதுதான் விஷயம் என்றார். ஜூனில் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். குறைந்த ஆட்களை வைத்து வார்டு எப்படி ஓடுகிறது என்று அவர்கள் முன்னால் நான் தூக்கிக் காட்ட வேண்டுமாம். அது முடிந்த கையோடு ஒப்பந்தத்தில் கையெழுத்து.

ஒல்லிக்குத் தூக்கத் தெரியும். நானே கற்றுக்கொடுத்தேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, அதிகாரி மேல் பாதி, என் மேல் பாதி. நான் என்ன செய்யட்டும் சொல். இந்தத் தடவை நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுதலாம்.

உன் அண்ணன்


மே 25

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். ஒல்லியை நான் விசாரித்ததாகச் சொல். முகம் தெரியாத ஒரு ஆளை நினைத்து இத்தனை நாள் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

திட்டலாம் என்று நீயே சொன்ன பிறகு திட்ட வரவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அதிகாரியிடம் போய் மெஷினைக் கொடுங்கள் என்று கேட்டாய். எதற்கு என்று சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். வார்டுக்கு வேண்டும் என்றிருப்பாய், ஒல்லிக்கு வேண்டும் என்றிருப்பாய். அந்தச் சட்டைக்கு அடியில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருப்பாய். அவர் எப்படி நம்புவார்? கிரேன் நன்றாகத்தானே இருக்கிறது.

முடியாது. இந்த ஒரு வார்த்தையை நீ யாரிடமாவது சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா உன்னை எதைத் தூக்கச் சொன்னாலும் தூக்கினாய், என் கல்யாணத்தில் பந்திப் பாத்திரம் எல்லாம் நீயே தூக்கினாய். இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகு. அண்ணி சிரித்தால் சிரிக்கட்டும்.

வேலை போனால் போகிறது என்று நான் எழுத மாட்டேன். தள்ளி இருந்துகொண்டு அப்படி எழுதுவது சுலபம், சோறு போடுவது அந்த வேலைதான். போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் அவர்கள் முன்னால் நீ இன்னொரு தடவை தூக்கிக் காட்டினால் அந்த மெஷின் எந்தக் காலத்திலும் வெளியே வராது. ஒல்லி இடத்துக்கு இன்னொருவன் வருவான், அவனும் உன்னைப் பார்த்து ஆள் கூப்பிட மாட்டான். அதற்கு முன்னாலேயே நீயும் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பாய். அப்புறம் எந்த வேலை?

முடிவு உன்னுடையது. எதுவானாலும் எனக்கு உடனே எழுது. வெயிலைப் பற்றி வேண்டாம்.

இப்படிக்கு,
உன் தங்கை


ஜூன் 20

அன்புத் தங்கச்சிக்கு,

நலம் என்று எழுத மாட்டேன், நீ நம்பப்போவதில்லை. எலும்பு டாக்டர் பார்த்துவிட்டார். எத்தனை மாதமாக இப்படி என்று கேட்டார். சொன்னதும் நீ எழுதுகிற மாதிரியே பேசினார். கொஞ்ச நாள் படுக்கச் சொல்லியிருக்கிறார், படுத்துக்கொண்டே எழுதுகிறேன். மற்றவர்கள் நலம். ஒல்லி எழுந்து நடக்கிறான், ஆனால் இனிமேல் பளு தூக்கக் கூடாது.

தலைமை அலுவலகத்துக்காரர்கள் போன வாரம் வந்தார்கள். வார்டில் திரைச்சீலை முதல் எல்லாம் துவைத்துப் போட்டிருந்தார்கள். அதிகாரி அவர்களை நேராக ஒரு கணக்கு வாத்தியார் கட்டிலுக்கு அழைத்து வந்தார். இடுப்பெலும்பு உடைந்து இரண்டு வாரமாக எங்களிடம் இருக்கிறவர், நல்ல கனம். இவர்தான் எங்கள் கிரேன் என்று என்னைக் காட்டிவிட்டு, வாத்தியாரை நாற்காலியில் உட்கார வைக்கச் சொன்னார். நான் பக்கத்தில் போனேன். பழக்கதோஷம், கை தானாக அவர் கக்கத்துக்குப் போனது. எடுத்துவிட்டேன்.

"முடியாது சார்" என்றேன்.

விளையாட்டு என்று நினைத்து அதிகாரி சிரித்தார். வந்தவர்களும் மரியாதைக்குச் சிரித்தார்கள். கண்ணாடி முன்னால் பழகியதெல்லாம் அந்த ஒரு வார்த்தையோடு தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உங்க பேனா கீழ விழுந்தா எடுத்துக் கொடுக்கக்கூட என்னால முடியாது சார். ரொம்ப நாளாவே முடியல, முடியற மாதிரி காட்டிக்கிட்டு இருந்தேன். இவரை யாருமே ஒத்தையா தூக்கக் கூடாது. கூட ஒரு ஆள் வேணும். இல்லன்னா சாமான் அறையில இருக்கற மெஷினக் கொடுங்க."

மெஷின் என்றதும் வந்தவர்களில் ஒரு அம்மா, நாங்கள் அனுப்பிய மெஷினா, அது எதற்குச் சாமான் அறையில் இருக்கிறது என்று கேட்டார். அதோடு என்னை எல்லோரும் மறந்துவிட்டார்கள். மெத்தைகளை நகர்த்தி அதை வெளியே இழுத்தார்கள். பேட்டரியில் சார்ஜ் இல்லை. அதிகாரி முகத்தில் ஈயாடவில்லை. யாரும் எங்கள் முதுகை நினைத்துப் பார்க்கவில்லை தங்கச்சி, காசு போட்டு வாங்கிய சாமான் எங்கே என்றுதான் பார்த்தார்கள். எப்படியோ வெளியே வந்துவிட்டது. ஷிப்டுக்கு மறுபடி இரண்டு ஆள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

என் கையெழுத்து இன்னும் ஆகவில்லை. தூக்காத வேலை ஏதாவது இருந்தால் பார்க்கலாம் என்கிறார்கள். இல்லாமலும் போகலாம். அண்ணி ராத்திரி பகலாகத் தைக்கிறாள், ஆனால் முகம் தெளிவாக இருக்கிறது. எனக்குத்தான் படுத்த இடத்தில் எரிச்சல். மெஷின் வந்தும் புதிதாக வந்த ஆட்கள் அதைத் தொட மாட்டேன் என்கிறார்களாம், நேரம் பிடிக்கிறதாம், நர்ஸம்மா சொன்னார். போன் போட்டுக் கத்தினேன். சரிண்ணே என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். நீ எப்படித்தான் என்னைப் பொறுத்துக்கொண்டாயோ.

ஒன்றை மட்டும் அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. நான் முடியாது சார் என்று சொன்னதும், அதிகாரி சிரிப்பதற்கு முன்னால், கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கணக்கு வாத்தியார் "அப்பாடா" என்றார். மெல்லத்தான் சொன்னார், குனிந்து நின்ற எனக்கு மட்டும் கேட்டது. எல்லோரும் போன பிறகு அவரிடம் கேட்டேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. முதலில் ஒன்றுமில்லை என்றார். அப்புறம் சொன்னார்.

"தினமும் நீங்க தூக்கறப்ப உங்க கை நடுங்கும். இன்னிக்குப் போட்டுடுவாரு, இன்னிக்குப் போட்டுடுவாருன்னு கண்ண இறுக்கி மூடிக்குவேன். எல்லாரும் உங்கள கிரேன்னு சொல்றாங்க. நான் எப்படிங்க சொல்றது?"

நான் தூக்கினால் நோயாளிக்குப் பயமே இருக்காது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கும்போது அவர்கள் முகம் என் தோளுக்குப் பின்னால் போய்விடும். ஒரு நாள்கூட நான் அதைப் பார்த்ததில்லை.

குழந்தைகளைக் கேட்டதாகச் சொல். அந்தச் சக்கரத்தை மாற்றினார்களா என்று எழுது.

உன் அண்ணன்